லீவும் லிஸ்ட்டும்

லீவு விட்டால் போதும். சுபஹோடு வேன் ஏறி, இரண்டே நாளில் கண்டி, கிரகரி வாவி, ஹக்கல, அம்பேவெல, எல்ல ஒன்பது வளைவுப் பாலம் எல்லாம் முடிக்க வேண்டும். இது ட்ரிப்பா, சிலபஸ் முடிக்கிற வேலையா?

போன முறை நாங்களும் இப்படித்தான். முழங்கால் வலியோடு உம்மா வேனுக்குள்ளேயே இருந்தா. "எனக்கு இடம் பார்க்கத் தேவையில்ல மகன், உங்களோட கொஞ்சம் இருந்தாப் போதும்" என்றா.

பயணிக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தந்தது மார்க்கம். சிரமத்தைக் குறைக்கத்தானே? நாமோ மிச்சமான நேரத்தில் இன்னொரு இடத்துக்கு ஓடுகிறோம்.

"காசு கொடுத்துப் போய் சும்மா இருக்கிறதா?" என்பார்கள். ஆம், சும்மா இருக்கத்தான் போக வேண்டும். இந்த டிசம்பர் எங்களுக்கு ஓர் ஊர், ஒரு வீடு, மூன்று நாள். உம்மாவோடு ப்ளேன்டீ, பிள்ளைகளுக்கு அவவின் கதைகள். 1921 இலிருந்து நிற்கிற பாலம் இனியும் நிற்கும். உம்மாமார் அப்படியல்ல.