முகம் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டர் கேம் ஒன்றில் ஆட்டையாம்பட்டிக் கடைவீதியை அமைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முறுக்குக் கடை, அடுப்பு, எண்ணெய்ச் சட்டி எல்லாவற்றையும் தத்ரூபமாக வரைந்துவிடலாம். ஆனால் கடைக்கார அம்மா தானாக எப்படி நடந்துகொள்வார்? சிக்கலே இங்கேதான் ஆரம்பிக்கிறது!

கூட்டத்தை உருவாக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. 1987-லேயே கிரெய்க் ரெனால்ட்ஸ் மூன்றே விதிகளில் கணினிப் பறவைகளைப் பறக்க வைத்துவிட்டார்: மோதாதே, பக்கத்தில் இருப்பவை போகும் திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே. ஒரு திருவிழாக் கூட்டத்துக்கு இந்த மாதிரி விதிகள் போதும். ஒரே ஒரு மனுஷிக்குப் போதாது.

நம் ஊரில் 'நிஜம் மாதிரி' என்றாலே உருவத்தைத்தான் பார்க்கிறார்கள். 2014-ல் வந்த 'கோச்சடையான்' நடிகர்களின் அசைவுகளைப் பதிவு செய்து கணினி உருவங்களுக்கு ஏற்றிய படம். அந்த உருவங்கள் தாமாக எதையும் முடிவு செய்யவில்லை.

2023-ல் ஸ்டான்போர்ட், கூகுள் ஆய்வாளர்கள் இதற்கு நேரெதிராக ஒன்றைச் செய்தார்கள். 'ஸ்மால்வில்' என்ற கற்பனை ஊர், அதில் 25 பேர். பழைய வீடியோ கேம் பொம்மைகள் போன்ற குட்டி உருவங்கள்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் நினைவு உண்டு, நடந்ததை அசைபோடும் பழக்கம் உண்டு, நாளைக்கான திட்டம் உண்டு. ஒரு பாத்திரத்துக்குக் காதலர் தின விருந்து வைக்கும் எண்ணத்தை மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கு அழைப்பு போனது, 5 பேர் வந்தார்கள். வராத சிலர் வேறு வேலை இருப்பதாகச் சொன்னார்கள். அசல் மனிதர்கள்! நினைவையும் திட்டத்தையும் பிடுங்கியபோது நம்பகத்தன்மையும் குறைந்துபோனது.

குறையையும் ஆய்வாளர்களே ஒப்புக்கொண்டார்கள். பாத்திரங்கள் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசின. மனைவி கணவனிடமே சம்பிரதாயமாக நலம் விசாரித்தாள். யார் எதைச் சொன்னாலும் மறுக்கவே தயங்கின.

தமிழில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரியும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கு "என்னடா வேணும்?", பெரியவருக்கு "வாங்கய்யா". வினைச்சொல்லின் வாலிலேயே உறவு தெரிந்துவிடும். போன மாதக் கடனைத் தராதவருக்கு வரவேற்பு கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். எதிரே நிற்பது யார் என்ற நினைவில்லாமல் கடைக்கார அம்மா வாயையே திறக்க முடியாது. எல்லோரிடமும் "வணக்கம், தங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று கேட்டால் அது முறுக்குக் கடையா, கஸ்டமர் கேரா?

அனிமேஷன் படிக்கும் மாணவர்கள் தோலுக்கும் தலைமுடிக்கும் செலவிடும் உழைப்பில் பாதியையாவது நடத்தைக்குத் தர வேண்டும். ஒரு மாலைப் பொழுது கடையோரம் நின்று கவனிக்கட்டும்: யாருக்குக் கடன் கிடைக்கிறது, யாருக்கு "இல்லை" கிடைக்கிறது, யாரிடம் ஒரு முறுக்கை உடைத்துக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்கிறார்கள்... இதை இங்கே இருப்பவர்கள் எழுதிவைக்காவிட்டால், நாளைய விளையாட்டுகளில் ஆட்டையாம்பட்டி என்ற பெயரில் சேலை கட்டிய ஸ்மால்வில்தான் வரும்.