கைப்பிடிச் சுவரும் காய்ந்த கிளையும்



பாஸ்கா காலம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் இல்ல விழாக்களும் தொடர்ந்து வருகின்றன. வெள்ளுடை அணிந்த சிறுவர் சிறுமியர் புதுநன்மை பெறும் நாள், கோடை விடுமுறையை ஒட்டி வைக்கப்படும் திருமணம், புதுமனை புகுவிழா என ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் களைகட்டுகின்றன. திருப்பலி முடிந்ததும் உற்றார் உறவினர் வீட்டில் கூடுவர். கூடத்தில் இடம் போதாது. எனவே கொல்லைப்புறத்து மாமரத்து நிழலில் பந்தி விரிப்போம். வேப்பமரத்தின் அருகே கோட்டை அடுப்பு மூட்டுவோம்.

அந்நாளுக்காக நாம் செய்யும் ஆயத்தங்கள் எத்தனை! சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம்; கிணற்றடியைச் சுத்தம் செய்கிறோம்; தரையில் கிடக்கும் முள்ளையும் கல்லையும் பொறுக்கி எறிகிறோம். ஆனால், தலைக்கு மேலே அண்ணாந்து பார்ப்பவர் மிகச் சிலரே. இருபது அடி உயரத்தில் ஒரு காய்ந்த கிளை பல மாதங்களாக நின்றுகொண்டிருக்கும். இத்தனை நாள் விழாதது இன்றா விழப்போகிறது என்னும் எண்ணம் நம்மிடம் உண்டு. அதன் கீழே இத்தனை நாள் யாரும் அமர்ந்ததில்லை என்பதை நாம் நினைப்பதில்லை.

இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தில் ஒரு சிறு கட்டளை உள்ளது. புது வீடு கட்டுகிறவர் அதன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் அங்கிருந்து விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் கருத்து. அக்காலத்தில் இஸ்ரயேல் மக்களின் வீடுகள் தட்டையான கூரை உடையவை. மாலையில் காற்று வாங்குவதும், விருந்தினரைத் தங்க வைப்பதும், தானியம் உலர்த்துவதும் அங்கேதான். ஆகவே ஆண்டவர் அதனை ஒரு கட்டடக் கலைஞரின் விருப்பத்திற்கு விட்டுவிடவில்லை. வீட்டுக்காரரின் கடமையாகவே விதித்தார். விழுந்தவர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்காரர் தப்பித்துக்கொள்ள அக்கட்டளையில் இடமில்லை. நம் வீட்டுக் கொல்லைக்கும் இக்கட்டளை பொருந்தும் அன்றோ? நாம் அழைத்ததால்தான் விருந்தினர் அந்த மரத்தடிக்கு வருகின்றனர்.

காய்ந்த கிளையை அறிவது கடினமன்று. தேக்கு, வாகை, இலவு போன்ற மரங்கள் கோடையில் இலை உதிர்ப்பவை. ஆகவே இலையில்லாமை ஒன்றையே கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. கைக்கு எட்டும் சிறு கொம்பை நகத்தால் கீறிப் பார்த்தால், உயிருள்ளதாயின் பட்டைக்கு உள்ளே பசுமையும் ஈரமும் தெரியும். பட்டை உரிந்து வெளுத்திருத்தல், தட்டுப் போன்ற காளான் முளைத்திருத்தல், துளைகளிலிருந்து மரத்தூள் உதிர்தல் ஆகியவை கிளை கெட்டுவிட்டதைக் காட்டும் அடையாளங்கள். மாமரத்தில் புல்லுருவி பற்றிய கிளையின் நுனிப்பகுதி மெல்ல மெல்லக் காய்ந்துபோவதைப் பலரும் கண்டிருப்பீர்கள். கஜா புயல் 2018ஆம் ஆண்டு நவம்பரில் டெல்டா மாவட்டங்களைச் சிதைத்ததைப் போன்ற பெருங்காற்றுக்குப் பின், பாதி ஒடிந்து வேறொரு கிளையில் மாட்டித் தொங்கும் கொம்புகளும் உண்டு. இவை காய்ந்த கிளையினும் ஆபத்தானவை.

பச்சைக் கிளை காற்றில் வளையும்; சுமை மிகுந்தால் முறியுமுன் ஓசை எழுப்பும். உலர்ந்த கிளைக்கு வளையும் குணம் போய்விடுகிறது. ஏப்ரல், மே மாதங்களின் பிற்பகலில் திடீரென இடியுடன் எழும் கோடைக்காற்று அதற்குப் போதும். நாமே அதற்கு மேலும் சுமை சேர்ப்பதும் உண்டு. பந்தல் கயிற்றை அதில் கட்டுகிறோம். வண்ண விளக்குச் சரத்தை அதில் தொங்க விடுகிறோம். வந்த குழந்தைகளுக்கு அதிலேயே ஊஞ்சல் போடுகிறோம்.

சமையல் புகையைப் பற்றியும் ஒரு சொல். உயரமான கிளையில் மலைத்தேனீயின் அடை இருப்பதை அறியாமல் கீழே அடுப்பு மூட்டினால், புகையால் கலைந்த தேனீக்கள் பந்தியின்மேல் இறங்கும். ஆகவே கிளையைப் பார்க்கும்போதே தேனடையும் கதண்டுக் கூடும் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். இருந்தால் தீப்பந்தம் கொண்டு நாமே விரட்ட முயலாமல், 101 என்னும் எண்ணில் தீயணைப்பு மீட்புப் பணியினரை அழைப்பதே அறிவுடைமை.

இதுவரை விருந்தினரைப் பற்றிப் பேசினோம். இனி, இக்கட்டுரையின் உள்ளத்திற்கு வருவோம். கிளையை வெட்டப் போகிறவர் யார்?

பல இல்லங்களில் நடப்பது இது. விழாவுக்கு முந்திய நாள் மாலை, பந்தல்காரர் வந்து நின்றபின்தான் கிளை கண்ணில் படுகிறது. தெருவில் போகும் ஒரு தொழிலாளரைக் கூப்பிட்டு, "ஒரே ஒரு கிளைதானே, ஏறி வெட்டிவிட்டுப் போங்கள்" என்கிறோம். கூலியில் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். அவரிடம் கயிறு இருக்கிறதா, துணைக்கு ஆள் இருக்கிறதா என்று கேட்பதில்லை. சிலர் வேலைக்கு முன்பே மதுவுக்குக் காசு கொடுத்து உற்சாகமூட்டுவதும் உண்டு. வேறு சில வீடுகளில், கல்லூரியில் படிக்கும் மகனையே ஏற்றிவிடுகின்றனர். விருந்தினரின் தலைமேல் கிளை விழக் கூடாது என்று கவலைப்படும் நாம், கிளையோடு சேர்ந்து ஒரு மனிதர் விழக்கூடும் என்பதைக் கணக்கில் கொள்வதில்லை. ஆண்டவர் விதித்த கைப்பிடிச் சுவர் விருந்தினருக்கு மட்டுமா? கூரையின்மேல் வேலை செய்ய ஏறியவருக்கும் அது தானே காவல்? நாசரேத்தில் தச்சு வேலை செய்து உண்ட நம் ஆண்டவர், கூலிக்காரரின் உயிரை மலிவாக எண்ணும் வீட்டின் விருந்தை எவ்வாறு ஆசீர்வதிப்பார்?

ஆகவே இவ்வேலையை விழாவுக்கு மூன்று வாரங்களுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். அவசரம் இல்லாவிடில், "ஐயா, இன்று காற்று அதிகமாக இருக்கிறது, நாளைக் காலையில் ஏறுகிறேன்" என்று அவர் சொன்னால் நம்மால் மனமார ஒப்புக்கொள்ள முடியும். மழை பெய்து மரம் வழுக்கும்போதும், மாலை மங்கிய பின்னும் எவரையும் ஏறச் சொல்லலாகாது. தரையில் நின்று துரட்டியால் எட்டக்கூடிய மெல்லிய கொம்புகளை நாமே அகற்றலாம். மணிக்கட்டை விடப் பருத்ததும், ஆள் உயரத்திற்கு மேற்பட்டதுமான கிளைகளைப் பழகிய தொழிலாளரிடமே விட வேண்டும். மாட்டித் தொங்கும் கிளையைக் கீழிருந்து கயிறு கட்டி இழுப்பது கூடவே கூடாது.

வேலை நடக்கும்போது வீட்டுக்காரர் அங்கே இருக்க வேண்டும். கிளையின் நீளத்தைப் போல் குறைந்தது இருமடங்கு தூரத்திற்குள் குழந்தைகளும் ஆடுமாடுகளும் வராதபடி கயிறு கட்டித் தடுக்க வேண்டும். ஏறுபவர் தம் இடுப்புக் கயிற்றை உயிருள்ள தடித்த கிளையிலோ நடுமரத்திலோ கட்ட வேண்டும். காய்ந்த கிளையில் கட்டுவது பயனற்றது. வெட்டப்படும் கிளையிலேயே ஏணியைச் சாய்ப்பது பெரும் பிழை. நுனிப்பாரம் நீங்கியதும் எஞ்சிய பகுதி மேலே எழும்ப, ஏணி சரிந்துவிடும். மாமரத்தில் முயிறு எறும்பின் கூடு இருந்தால் முதலில் அதனைக் கவனிக்க வேண்டும். கடியின் வேதனையில் பிடியை விட்டுவிடுவது மனித இயல்பு. கருவிகளைத் தனிக் கயிற்றில் கட்டி மேலே அனுப்ப வேண்டும்.

கோடரியின் காம்பு இறுகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இதனையும் இணைச்சட்ட நூல் மறக்கவில்லை. 19ஆம் அதிகாரத்தில், காட்டில் மரம் வெட்டும்போது காம்பிலிருந்து இரும்பு கழன்று பக்கத்தில் நின்றவர்மேல் பட்டு அவர் இறந்துபோவதே, அறியாமல் நேரும் கொலைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அத்தகையவர் ஓடித் தப்ப அடைக்கல நகர்கள் இருந்தன. காம்பு தளர்ந்திருப்பதை முன்பே அறிந்தும் கொடுத்தவருக்கு அந்த அடைக்கலம் உரியதாகுமா என்பதை நாமே சிந்திப்போம்.

வெட்டும் முறையும் ஒன்று உண்டு. நுனியிலிருந்து சிறு சிறு துண்டுகளாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். பருத்த அடிப்பகுதிக்கு மூன்று அறுப்புகள் தேவை. முதலாவது, நடுமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் வரை அறுப்பது. இரண்டாவது, அதற்கு இரண்டு மூன்று அங்குலம் வெளியே, மேற்புறமாக அறுத்துக் கிளையை விழச் செய்வது. முதல் அறுப்பு இருப்பதால் நடுமரத்தின் பட்டை கிழிந்து வராது. மூன்றாவது, எஞ்சிய கட்டையை, கிளை பிறக்கும் இடத்தில் வளையம் போல் தடித்திருக்கும் பகுதிக்குச் சற்று வெளியே அறுத்து நீக்குவது. அந்தத் தடிப்பைச் சேதப்படுத்தலாகாது. அதிலிருந்துதான் மரம் தன் புண்ணை மூடிக்கொள்கிறது. வெட்டிய இடத்தில் தாரோ வர்ணமோ பூசுவது நம் வழக்கம். அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ எண்ணற்ற மரங்களை அறுத்துப் பார்த்து, அப்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டினார். நேர்த்தியான அறுப்பே மரத்துக்கு மருந்து.

மின்கம்பி மரத்தை ஒட்டிச் சென்றால், மேற்சொன்ன யாவற்றையும் நிறுத்திவிட்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் மின்சாரத்தை நிறுத்தி, அதனை உறுதி செய்த பின்னரே கிளையில் கை வைக்க வேண்டும். இரும்புக் குழாயில் கட்டிய துரட்டியும் அலுமினிய ஏணியும் மின்கம்பியின் அருகே எமனாக மாறும். மூங்கில்தானே என்று நம்பவும் வேண்டாம். ஈரம் பட்ட மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். தெருவோரத்து மரம் நமது உடைமை அன்று. ஊராட்சியிலோ நகராட்சியிலோ முறைப்படி தெரிவிக்க வேண்டும்.

கொல்லையில் தென்னை இருந்தால் அதன் காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் முன்னரே இறக்கிவிட வேண்டும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்னும் பெயரில், ஏறும் கருவியைக் கொண்டு பாதுகாப்பாக ஏற இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளது. மரம் ஏறுவோருக்கென விபத்துக் காப்பீட்டுத் திட்டமும் வாரியத்திடம் உண்டு. உங்கள் பங்கில் மரம் ஏறும் தொழில் செய்வோர் இருப்பின் இச்செய்தியை அவர்களிடம் சேர்ப்பது ஒரு நல்ல அறச்செயல். அன்பியக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

இத்தனை கவனத்திற்குப் பின்னும் எவரேனும் விழுந்துவிட்டால், பதற்றத்தில் அவரைத் தூக்கி உட்கார வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும், மோட்டார் சைக்கிளில் நடுவே அமர்த்திக் கொண்டு செல்வதும் பெருந்தீங்கு விளைவிக்கும். கழுத்தும் முதுகும் அசையாதபடி, கிடந்த நிலையிலேயே வைத்து, 108 ஆம்புலன்சை அழையுங்கள். இரத்தம் பெருகினால் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். மின்சாரம் தாக்கியவரை, மின்சாரம் நிறுத்தப்படும்வரை தொடாதீர்கள். மருத்துவச் செலவை ஏற்பதும், அவர் எழுந்து நடக்கும் வரை அக்குடும்பத்தின் அடுப்பு எரியச் செய்வதும் வேலைக்கு அழைத்த வீட்டின் பொறுப்பு.

இவற்றையெல்லாம் படித்தபின், தொல்லையே வேண்டாம் என்று மரத்தை அடியோடு வெட்டிவிட எவரும் துணிய வேண்டாம். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், கனி கொடாத அத்தி மரத்துக்காகத் தோட்டக்காரர் மேலும் ஓர் ஆண்டு தவணை கேட்கிறார். சுற்றிலும் கொத்தி எரு போடுவதாகவும் வாக்களிக்கிறார். காய்ந்ததை நீக்கினால், எஞ்சிய மரம் பல ஆண்டுகள் நிழல் தரும். பொந்தில் கிளியோ ஆந்தையோ குஞ்சு பொரித்திருந்தால், பந்தியை வேறிடத்திற்கு மாற்றிவிட்டு, குஞ்சுகள் பறந்தபின் அக்கிளையை வெட்டலாம்.

வேலை முடிந்ததும் பேசிய கூலியை அன்றைக்கே கொடுங்கள். வெட்டிய விறகு அவருக்கு வேண்டுமா என்று கேளுங்கள். மூன்று வாரம் கழித்து உங்கள் பிள்ளை முதன்முறையாக ஆண்டவரை உட்கொண்டு வீடு திரும்பும் நாளில், அவரையும் அவர் குடும்பத்தாரையும் பெயர் சொல்லி அழைத்து, அந்த மரத்தடியிலேயே உறவினரோடு ஒரே பந்தியில் அமரச் செய்யுங்கள். தம்மிடமிருந்து திரும்பப் பெற எதுவும் இல்லாதவரை விருந்துக்கு அழைக்கச் சொன்னவர் நம் ஆண்டவர். நற்கருணை என்பது பந்தியைப் பகிர்தல் என்பதை உங்கள் பிள்ளை அன்று கண்ணாரக் காணும்.