'முன்' என்னும் ஒரு சொல்லும் கழன்று விழுந்த ஒரு நட்டும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, முனிர்க்காவில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்திறங்கியது. மோட்டார் சைக்கிள் வடிவில் அமைந்த, சீனத்தில் உருவான, மலிவு விலை மின் வண்டி ஒன்று உள்ளே இருந்தது. பெட்டியின்மேல் இங்குள்ள இறக்குமதியாளர் ஒருவரின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. முன்சக்கரம், ஹேண்டில்பார், இருக்கை, பேட்டரி எல்லாம் தனித்தனியே கிடந்தன. பூட்டிக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு.

வாங்கியவர் என் அறைத்தோழர், வரலாற்றுத்துறை ஆய்வாளர். மத்தியப் பல்கலைக்கழகத்தில் நெட் அல்லாத ஆய்வாளருக்குக் கிடைக்கும் மாதம் 8,000 ரூபாயில் தில்லியில் வாழ்ந்து பார்த்தவர் எவரும், ஏன் இத்தகைய வண்டியை வாங்கினார் என்று கேட்கமாட்டார். இரண்டு நாள் உழைத்து வண்டியைப் பூட்டினோம். மூன்றாம் நாள் மாலை நூலகத்துக்குச் செல்லும் வழியில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது முன்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் வலக்கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருந்தவர் இப்போது இடக்கை விரல் ஒன்றால் தட்டச்சு செய்கிறார்.

இதை வண்டியின் கதையாகச் சொல்ல நான் வரவில்லை. மொழியியல் பயின்றவர்களாகிய நம்மைப் பற்றிய குற்றச்சாட்டாகவே இதை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டியில் ஒரே ஒரு தாள் இருந்தது. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சீனம். ஆங்கிலப் பக்கத்தின் எட்டாம் வரி இது: "பிஃபோர் வீல் நட் டைட்டன் பிரேக் கேபிள்." ஆங்கிலம் கற்ற ஆய்வாளர் இருவர் அமர்ந்து இதை வாசித்தோம். 'சக்கர நட்டை இறுக்குவதற்கு முன்னர் பிரேக் கேபிளை இறுக்குக' என்று பொருள் கொண்டோம். அவ்வாறே செய்தோம். நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, அதை இறுக்கச் சொல்லும் வரி பின்னால் வரும் என்று காத்திருந்தோம். அடுத்த வரி ஹேண்டில்பாருக்குப் போய்விட்டது. நட்டைப் பற்றித் தாளின் இறுதிவரை வேறு ஒரு சொல்லும் இல்லை.

விபத்துக்குப் பிறகு, சீனமொழி பயிலும் தோழி ஒருவரிடம் மறுபக்கத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். மூலத்தில் இருந்தது மிக எளிய தொடர்: முன்சக்கர நட்டை இறுக்குக, பிரேக் கேபிளைச் சரிசெய்க. சீனத்தில் 'சியென்' என்னும் சொல் இடத்தில் முன்பக்கத்தையும் காலத்தில் முற்பட்டதையும் குறிக்கும். 'முன்சக்கரம்' என்பதை எந்திரமோ அரைகுறை மொழிபெயர்ப்பாளரோ 'பிஃபோர் வீல்' ஆக்கியிருக்கிறார். போகும் வழியில் ஒரு வினையும் ஒரு காற்புள்ளியும் தொலைந்துபோயின. முதலில் செய்ய வேண்டியது இரண்டாவதாயிற்று. பிறகு இல்லாமலே போயிற்று.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டுகிறேன். தமிழில் 'முன்' என்னும் சொல்லும் இடம், காலம் இரண்டையும் குறிக்கிறதல்லவா? 'முன்சக்கரம்' என்றால் இடம். 'சக்கரத்துக்கு முன்' என்று நான்காம் வேற்றுமை வந்து சேர்ந்தால் காலமாகவும் கொள்ளலாம். சீனம் அறிந்தவருக்கு அந்த வரியில் ஐயம் எழவில்லை. நேரே தமிழுக்கு வந்திருந்தால் நமக்கும் எழுந்திராது. இருமுனையிலும் எவர்க்கும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தின் வழியே வந்ததால்தான் ஒரு மணிக்கட்டு முறிந்தது. வகுப்பறையில் பலபொருள் ஒருசொல்லுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆனால் நம் வகுப்பறைக்குள் இத்தகைய தாள் ஒருநாளும் நுழைவதில்லை.

மலிவு வண்டி எப்படி மலிவாகிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விற்பனையகத்தில் வாங்கும் வண்டியை ஒப்படைக்கும் முன் ஒரு தொழிலாளி நட்டுகளைச் சோதிக்கிறார், பிரேக்கைச் சரிபார்க்கிறார். பெட்டியில் வரும் வண்டியில் அந்தக் கடைசி உழைப்பு வாங்குபவர் தலையில் வைக்கப்படுகிறது. அமெரிக்காவில் 125, 250 சி.சி. சீன மோட்டார் சைக்கிள்கள் இரும்புச் சட்டத்துக்குள் அடைக்கப்பட்டு வீட்டு வாசலில் இறங்குகின்றன. அவற்றை வாங்குவோரிடையே ஓர் எழுதாச் சட்டம் உண்டு: ஆலையில் பூட்டிய எந்த நட்டையும் நம்பாதே, ஒவ்வொன்றாகக் கழற்றி, மரைப்பசை இட்டு, டார்க் ரெஞ்சால் மீண்டும் இறுக்கு. ஆலையின் இறுதி மணிநேரத்தை வாங்குபவர் செய்கிறார் என்றால், அதற்கான அறிவு ஆலையிலிருந்து அவரிடம் வந்து சேர வேண்டும். அது வருவதற்கு மொழியைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே கையேடு அந்த வண்டியின் ஓர் உறுப்பு. பிரேக் இல்லாத வண்டியை விற்றால் குற்றம் என்கிறோம். புரியாத கையேட்டோடு விற்றால் 'மலிவு' என்கிறோம்.

சட்டம் இதை அறியாததன்று. 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 84, தீங்கைத் தடுக்கப் போதுமான பயன்பாட்டு அறிவுறுத்தல்கள் பொருளோடு இல்லாவிட்டால் உற்பத்தியாளர் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. எந்த மொழியில் என்று சொல்லவில்லை. பொட்டலங்களின் மீதான அறிவிப்புகளுக்கு 2011 ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகள் தேவநாகரியில் இந்தி அல்லது ஆங்கிலம் என்கின்றன. பிற மொழிகள் விரும்பினால் கூடுதலாக இடம்பெறலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006 ஆம் ஆண்டு எந்திர நெறிமுறையோ, ஓர் எந்திரம் எந்த நாட்டில் விற்கப்படுகிறதோ அந்நாட்டின் ஆட்சிமொழியில் கையேடு இருக்க வேண்டும் என்கிறது. மிதித்தால் மோட்டார் துணைசெய்யும் மின்மிதிவண்டிகளும் அதற்குள் அடங்கும். எஸ்தோனியாவில் வாழ்வோர் ஏறத்தாழ 13 லட்சம் பேர். அவர்களுக்கு எஸ்தோனிய மொழியில் கையேடு தர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 6.9 கோடி. நமக்கு 'பிஃபோர் வீல்'.

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்து, சோதனை முகமை சான்றளித்தால், இத்தகைய மின்வண்டி மோட்டார் வாகனமாகவே கருதப்படாது. பதிவெண் வேண்டாம், ஓட்டுநர் உரிமம் வேண்டாம். உரிமம் இல்லாத பதின்பருவத்தினரும் முதியவரும் ஓட்டுவது இதனால்தான். முறையான பயிற்சி எதையும் கேட்காத வண்டிக்குத்தான் மிகத் தெளிவான கையேடு வேண்டும். நடப்பதோ நேர்மாறு.

இனி நம் துறைக்கு வருகிறேன். ஏவல் வினையைப் பற்றி நாம் எத்தனை கருத்தரங்கக் கட்டுரைகள் வாசித்திருக்கிறோம்! மரியாதை ஏவல், எதிர்மறை ஏவல், வியங்கோள். ஆனால் ஒரு நட்டை இறுக்குமாறு ஒருவரைப் பிழையின்றி ஏவும் நான்கு தொடர்களை எழுதிய ஆய்வேடு ஒன்றை எவரேனும் எனக்குக் காட்ட இயலுமா? கலைச்சொல்லாக்கத்தைப் பாருங்கள். அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 இல் அமைந்தது. தேசிய மொழிபெயர்ப்பு இயக்கம் உயர்கல்விப் பாடநூல்களை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவருகிறது. தமிழிலும் சொல்வங்கிகள் பெருகியிருக்கின்றன. இவற்றை நான் இகழவில்லை. ஆனால் பெயர்ச்சொற்களைக் குவிப்பது ஒரு வேலை. ஒரு செயலைத் தொடக்கம் முதல் முடிவுவரை சொல்லி முடிப்பது வேறொரு வேலை. இரண்டாவதை நாம் வேலையாகவே கருதுவதில்லை. பதவி உயர்வுக்கு அதில் மதிப்பெண் இல்லை.

ஆங்கிலத்தில் இவ்வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். 1980களில் ஐரோப்பிய வானூர்தித் தொழில்துறை, பராமரிப்புக் கையேடுகளுக்கென்று ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தை உருவாக்கத் தொடங்கியது. இன்று அதற்கு எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் என்று பெயர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். செய்முறைத் தொடர் இருபது சொற்களைத் தாண்டக்கூடாது. இயன்றவரை ஒரு தொடரில் ஒரே ஏவல். ஆங்கிலம் தாய்மொழியல்லாத தொழிலாளர் ஒருவர் படித்து வானூர்தியின் திருகாணியைச் சரியாக இறுக்க வேண்டும் என்பதற்காக மொழியறிவையும் தொழிலறிவையும் சேர்த்துச் செய்த பணி அது. 'எளிய தொழில்நுட்பத் தமிழ்' ஒன்றை வகுக்க நமக்கு எது தடை? முதல் விதியை நானே முன்மொழிகிறேன்: கையேட்டுத் தமிழில் இடத்துக்கு 'முன்பக்க', காலத்துக்கு 'முன்னர்'. வெறும் 'முன்' வரவே கூடாது.

"இது பொறியியலாளர் வேலை, மொழியியலாளர் வேலையன்று" என்பார்கள். அந்தத் தாளின் பிழை பொறியியல் பிழையா? நட்டு சரியான நட்டு. அச்சு சரியான அச்சு. பிழைத்தது தொடர். "இனி எந்திர மொழிபெயர்ப்பு பார்த்துக்கொள்ளும்" என்பாரும் உளர். எந்திரம் தமிழில் செய்முறை உரை எழுதக் கற்க வேண்டுமெனில், மனிதர் எழுதிச் சரிபார்த்த செய்முறைத் தமிழ் முதலில் இருக்க வேண்டும். அதை நாம் எழுதி வைக்கவில்லை. "யூடியூபில் காணொளி இருக்கிறதே" என்பாருக்கு ஒரு சொல்: காணொளியில் கை தெரிகிறது, எவ்வளவு இறுக்கம், எது முதலில், ஏன் என்பவை பெரும்பாலும் தெரிவதில்லை. தவறினால் பொறுப்பேற்கவும் எவரும் இல்லை.

விபத்துக்கு மறுநாள் தெருமுனைப் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிச் சென்றேன். நாங்கள் 'உஸ்தாத்' என்றழைக்கும் அப்பெரியவர் முக்கால் மணிநேரத்தில் எங்கள் இரண்டு நாள் வேலையைக் கலைத்துப் பார்த்தார். ஹேண்டில் தண்டின் பால்ரேஸில் ஆட்டம் இருந்தது. பின் பிரேக் கம்பியில் தளர்வே இல்லாததால் லைனிங் ஓயாது உரசிக்கொண்டிருந்தது. மோட்டாருக்குச் செல்லும் மஞ்சள், பச்சை, நீலக் கம்பிகளின் இணைப்பு பாதிதான் செருகப்பட்டிருந்தது. முன் அச்சைத் தடவிப் பார்த்து "சூடி மர் கயீ" என்றார். திருகின் சுற்றுகளை அவர் வளையல் என்கிறார். அது செத்துவிட்டது என்கிறார். நம் ஊர்ப் பட்டறையில் அதையே 'மரை போய்விட்டது' என்போம். திசைச்சொல்லுக்குத் தனியிடம் தந்தது தொல்காப்பியம். அதைப் பாடமாக நடத்தும் நாம் பட்டறைக்குள் புகுந்து ஒரு சொல்லையேனும் கேட்டு எழுதியிருக்கிறோமா? மரை, பிடிமானம், ஆட்டம், உரசல் என்று செயலோடு பிறந்த சொற்கள் அங்கே ஆயத்தமாக இருக்கின்றன.

புதிய அச்சைப் பூட்டியபோது அவர் செய்த முறையையும் குறித்துக்கொண்டேன். நட்டைக் கையால் திருகினார். சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கைப் பிடித்து நிறுத்தினார். பிரேக்கைப் பிடித்தபடியே நட்டை முழுவதும் இறுக்கினார். அதன் பிறகே கேபிளின் தளர்வைச் சரிசெய்தார். இறுதியில் நகப்பூச்சால் நட்டின் மீதும் அச்சின் மீதும் தொடர்ச்சியாக ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். கோடு முறிந்திருந்தால் நட்டு நகர்ந்துவிட்டது என்று பொருள். "ஓட்டுவதற்கு முன்னர் தினமும் பாருங்கள்" என்றார். எழுதப் படிக்க அறியாதவரும் வாசிக்கக்கூடிய எச்சரிக்கை அது.

அந்த முக்கால் மணிநேரத்தை இரண்டு பக்கத் தமிழில் எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டு தொடர்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஏவல். உஸ்தாதிடம் இந்தியில் சொல்லிக்காட்டி இரண்டு இடங்களில் திருத்தம் பெற்றேன். பிறகு, பட்டறைப் பழக்கமே இல்லாத இளங்கலை மாணவர் ஒருவரிடம் தாளை மட்டும் கொடுத்து, முன்சக்கரத்தைக் கழற்றிப் பூட்டச் சொன்னேன். பதினான்காம் தொடரில் தடுமாறினார்; அதை மாற்றி எழுதினேன். இதில் தரவு இருக்கிறது, சோதனை இருக்கிறது, திருத்தம் இருக்கிறது. இதை ஆய்வு என்று ஏற்க எந்தத் துறை ஆயத்தமாக இருக்கிறது?

என் கோரிக்கைகள் மூன்று. முதுகலை மொழியியல், தமிழ்ப் பாடத்திட்டங்களில் செய்முறை உரை எழுதுதல் ஒரு தாளாக வேண்டும். பயனர் கையில் கொடுத்துச் சோதித்த பிறகே மதிப்பெண் தர வேண்டும். பட்டறைச் சொற்களைத் திரட்டும் களப்பணிக்கும் சரிபார்க்கப்பட்ட கையேடுகளுக்கும் ஆய்வு வெளியீட்டுக்குரிய மதிப்பு வேண்டும். வீட்டில் பூட்டிக்கொள்ளுமாறு விற்கப்படும் எந்த வண்டிக்கும், விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் கையேடு கட்டாயமாக வேண்டும்; 'போதுமான அறிவுறுத்தல்' என்னும் சட்டச்சொல்லுக்கு அதுவே பொருள் என்று வாதிட வேண்டியவர்கள் மொழியியலாளர்களாகிய நாமே.

இத்தகைய வண்டியைப் பூட்டப்போகிறவர் எவரேனும் இப்பதிவை வாசித்தால் உட்பெட்டியில் கேளுங்கள். அந்த இரண்டு பக்கங்களை அனுப்புகிறேன். கேட்காவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்: கையேடு என்ன சொன்னாலும், முன்சக்கர நட்டை முதலில் இறுக்குங்கள், பிறகு பிரேக் கேபிளைச் சரிசெய்யுங்கள்.