தானாக நிமிராத பொம்மை! - பெட்ரோலில் பறக்கும் 7 கிலோ விமானம்

தஞ்சாவூர் பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடி ஆடி நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உருண்டையான அடிப்பாகத்தில் களிமண் கனம். அதற்கு மேலே லேசான உடம்பு. குழந்தை கையால் அடித்தாலும் காலால் உதைத்தாலும் ராஜாவும் ராணியும் சிரித்தபடி எழுந்துவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு பொம்மையும் இருக்கிறது. ரிமோட்டில் இயங்கும், பெட்ரோல் இன்ஜின் வைத்த சாகச விமானம். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 7 அடிக்கு மேல். எடை 7 அல்லது 8 கிலோ. தலைகீழாகத் திருப்பினால் தலைகீழாகவே போய்க்கொண்டிருக்கும். மூக்கை வானத்தைப் பார்க்க நிறுத்தினால், புரொப்பல்லரின் இழுப்பிலேயே அந்தரத்தில் தொங்கும். ஜெர்மனியின் எக்ஸ்ட்ரா 300 போன்ற நிஜமான சாகச விமானங்களின் குட்டி வடிவம் இது. இறக்கையின் மேல்பக்கமும் கீழ்பக்கமும் ஒரே வளைவில் இருப்பதால், எது மேல், எது கீழ் என்று விமானத்துக்கே கவலையில்லை.

அதாவது, விட்டது விட்டபடி இருக்கும், தானாக நிமிராது. நிமிர்த்த வேண்டியது தரையில் ரிமோட்டுடன் நிற்பவர். அவர் விரல் சொல்வதை விமானம் கேட்குமா என்பது, அதற்கு முன் பல வாரங்கள் மேஜையில் நடந்த வேலையைப் பொறுத்தது.

தமிழ்நாட்டில் ரிமோட் விமானம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருபவர் நடிகர் அஜித்குமார். இந்தப் பொழுதுபோக்கில் ஊறிய அவர், சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழுவுக்கு ஆலோசகரானார். 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த, மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாமிடம் பிடித்தது. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த அதே எம்.ஐ.டி.தான்.

இன்று டெல்டா வயல்களில் பூச்சிமருந்து தெளிக்க ட்ரோன்கள் வருகின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், 'ரிமோட் விமானமும் இதே மாதிரிதானே' என்று நினைப்பது இயல்பு. இல்லை. ட்ரோனில் ரிமோட்டிலிருந்து விரலை எடுத்தால், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர் அதை அப்படியே மிதக்க வைக்கும். ட்ரோன், தஞ்சாவூர் பொம்மையின் ஜாதி. சாகச விமானத்துக்கும் இப்போது ஜைரோ கருவிகள் கிடைக்கின்றன. காற்றில் ஏற்படும் ஆட்டத்தை அவை குறைக்கும். தளர்ந்த ஸ்க்ரூவை இறுக்காது.

டி.வி.எஸ். 50 அளவு இன்ஜின்

ஆங்கில வீடியோக்களில் இதை 'கேஸ்' விமானம் என்கிறார்கள். சிலிண்டர் கேஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பெட்ரோலுக்கு அதுதான் பேச்சுவழக்கு. இந்த அளவு விமானத்துக்கு 50 முதல் 60 சிசி வரையிலான இன்ஜின். நம்மூர்க் கணக்கில், 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டின் அளவு. அந்த மொபெட்டில் இரண்டு பேர் ஒரு மூட்டையோடு வரப்போரம் போனார்கள். அதே அளவு இன்ஜினை 7 கிலோ மரக்கூட்டில் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். விமானத்தின் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் இழுவிசை கிடைக்கும். அந்தரத்தில் தொங்கும் வித்தையின் ரகசியம் இதுதான்.

டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். பெரும்பாலும் 30-க்கு 1 முதல் 40-க்கு 1 வரை. இன்ஜின் தயாரிப்பாளர் சொல்வதே கணக்கு. (சின்ன மாடல்களில் ஓடும் 'க்ளோ' இன்ஜின்களுக்கு மெத்தனால் எரிபொருள். அதில் வழுவழுப்புக்கு விளக்கெண்ணெய் கலப்பது பழைய வழக்கம். பெட்ரோல் அதைவிட மலிவு.)

மொபெட்டின் கார்புரேட்டரில் மிதவை இருக்கும். கவிழ்த்தால் இன்ஜின் நின்றுவிடும். கவிழ்வதையே தொழிலாக வைத்திருக்கும் விமானத்துக்கு அது உதவாது. இதில் இருப்பது மரம் அறுக்கும் மெஷினில் உள்ள டயாஃப்ரம் வகை கார்புரேட்டர். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை டெல்டா கிராமங்களில் அறுத்தார்களே, அந்த மெஷினை எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிற்காமல் ஓடும். உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய சவ்வு துடித்துத் துடித்து பெட்ரோலை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். பெரிய மாடல் விமானங்களின் பெட்ரோல் இன்ஜின்கள் பிறந்ததே இந்த மாதிரி மெஷின்களிலிருந்துதான்.

டேங்குக்குள்ளும் ஒரு தந்திரம் உண்டு. பெட்ரோலை உறிஞ்சும் குழாய் வளையக்கூடியது. அதன் நுனியில் ஒரு சின்ன உலோகக் கனம். விமானம் கவிழ்ந்தால் கனமும் அந்தப் பக்கம் விழும்; பெட்ரோலும் அங்கேதான் கிடக்கும். தஞ்சாவூர் பொம்மையின் சூத்திரம் இந்த விமானத்தில் இருப்பது அந்த ஒரே இடத்தில்தான். குழாய் பெட்ரோலைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சிலிகான் குழாய் மாட்டினால் ஊறி உப்பி, கழன்றுவிடும்.

வீணைக்குப் பலா, விமானத்துக்கு பால்சா

தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் பலா மரத்தைத் தேடுவார்கள். விமானம் செய்பவர்கள் தேடுவது பால்சா. தென் அமெரிக்காவின் ஈக்வடாரிலிருந்து உலகத்துக்குப் போகும் இந்த மரம், தண்ணீரின் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். கைவிரல் நகம் பட்டால் பள்ளம் விழும். ஆனாலும் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் கட்டி ஒட்டினால் வியக்கத்தக்க வலு. இன்ஜின் உட்காரும் முன்பலகை மட்டும் பிளைவுட். இரண்டு இறக்கைகளையும் உடம்போடு கோப்பது ஒரு கார்பன் ஃபைபர் குழாய்.

இன்று பெரும்பாலோர் பாதிக்கு மேல் தயாரான பெட்டியாக வாங்குகிறார்கள். மரவேலையும் மேலே ஒட்டும் வண்ண ஃபிலிமும் முடிந்தே வரும். 'அப்புறம் என்ன, மாட்டிப் பறக்க வேண்டியதுதானே' என்று தோன்றும். உண்மையான வேலையே அங்குதான் தொடங்குகிறது. நம்மூர் வெயிலில் ஃபிலிம் தொங்கிச் சுருங்கும். இஸ்திரிப் பெட்டி மாதிரியான சூட்டுக்கோலால் மறுபடி இழுத்து ஒட்ட வேண்டும். தொழிற்சாலையில் பசை சரியாகப் படாத மூட்டுகளைத் தேடிப் பிடித்து மறுபடி ஒட்ட வேண்டும். ஃபிலிமின் நிறத்தில் அழகைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. மேல்பக்கம் ஒரு நிறம், அடிப்பக்கம் வேறு நிறம். 100 மீட்டர் தள்ளிப் பறக்கும்போது அது நிமிர்ந்திருக்கிறதா, கவிழ்ந்திருக்கிறதா என்று கண்ணுக்குச் சொல்ல வேறு வழியில்லை. அரை விநாடி குழம்பினால், மேலே ஏற்றுவதாக நினைத்துத் தரையில் குத்திவிடுவார்கள்.

அடுத்தது சர்வோ. ரிமோட்டின் சொல்லைக் கேட்டு இறக்கை மடல்களையும் வால் மடல்களையும் திருப்பும் குட்டி மோட்டார்கள். இந்த அளவு விமானத்தில் வழக்கமாக ஆறு: இறக்கைக்கு இரண்டு, வால் கிடைமடலுக்கு இரண்டு, சுக்கானுக்கு ஒன்று, இன்ஜின் வேகத்துக்கு ஒன்று. சாகசத்துக்கு மடல்கள் 45 டிகிரிவரைகூடத் திரும்ப வேண்டும். அதனால் சர்வோவின் கைகள் பிளாஸ்டிக்கில் இருந்தால் போதாது, உலோகம் வேண்டும். இணைப்புக் கம்பியில் ஒரு நூல் ஆட்டம் இருந்தாலும், வேகமாகப் போகும்போது மடல் படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பிக்கும். சில நொடிகளில் மடல் பிய்ந்து போவதும் உண்டு. மேஜையில் விரலால் தொட்டு அசைத்தால் தெரிகிற ஆட்டம் அது. அங்கேயே சரிசெய்ய வேண்டும்.

இன்ஜினின் அதிர்வு இன்னொரு எதிரி. ஒற்றை சிலிண்டர் ஓடும்போது விமானம் முழுக்க உதறும். உலோகத்தில் இறங்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும், மரையில் ஒரு சொட்டு லாக்கிங் திரவம் விட்டே இறுக்குவார்கள். பேட்டரிகளையும் ரிசீவரையும் ஸ்பாஞ்சில் சுற்றிக் கட்டுவார்கள். ஸ்பார்க் பிளக்கின் மின்சாரம் ரேடியோவைத் தொந்தரவு செய்யும் என்பதால், இக்னிஷன் முன்னால், ரிசீவர் பின்னால். இக்னிஷனுக்குத் தனி மின் இணைப்பு. அதை ரிமோட்டிலிருந்தே துண்டிக்கும் 'கில் ஸ்விட்ச்' கட்டாயம். ரிசீவருக்கு இரண்டு பேட்டரிகள். ஒன்று கைவிட்டால் இன்னொன்று. சிக்னலே அறுந்தால் இன்ஜின் தானாக அடங்கும்படி முன்கூட்டியே அமைத்துவைக்க வேண்டும்.

இதெல்லாம் மிகையான பயம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 22 அங்குல புரொப்பல்லர் நிமிடத்துக்கு 7,000 முறை சுற்றினால், அதன் நுனி மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் போகிறது. 2013-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பூங்கா ஒன்றில், 19 வயது இளைஞர் தான் இயக்கிய ரிமோட் ஹெலிகாப்டரே தாக்கி உயிரிழந்தார். அனுபவம் இல்லாதவர் அல்ல அவர். கடையில் இதைப் பொம்மை என்று விற்றாலும் வீட்டில் பொம்மையாக நடத்தக் கூடாது. புரொப்பல்லர் சுற்றும் தளத்துக்கு நேராகவோ முன்னாலோ குழந்தைகள் மட்டுமல்ல, யாருமே நிற்கக் கூடாது.

எல்லாம் பொருத்திய பிறகு எடை சமநிலை. இறக்கையில் குறிக்கப்பட்ட இடத்தில் தாங்கித் தூக்கினால் விமானம் தராசு முள் மாதிரி மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு கொஞ்சம் கனத்தால் சமாளிக்கலாம். விமானம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். வால் கனத்தால் முதல் பறப்பே கடைசிப் பறப்பாகிவிடலாம். ஈயக்கட்டி சேர்ப்பது கடைசி வழி. பேட்டரிகளை முன்னும் பின்னும் நகர்த்தியே சரிசெய்வது கைதேர்ந்தவர்களின் வழக்கம்.

எங்கே பறக்கலாம்?

டெல்டாவில் இதற்கான காலத்தையும் நெல்தான் முடிவு செய்கிறது. சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயல் காய்ந்தபின், ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் வரும்வரை வெட்டவெளி கிடைக்கும். ஆனால் வரப்பில் சக்கரம் இடித்தால் விமானம் குப்புறக் கவிழும். சமன்செய்த நீளமான திடல் வேண்டும். பம்ப்செட்டுக்குப் போகும் மின்கம்பி அருகில் இருக்கக் கூடாது. மேயும் ஆடுமாடுகளும் கூடாது. நில உரிமையாளரின் சம்மதம் முதலில். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் விமானத்தைப் பெட்டியிலேயே வைத்திருப்பது நல்லது.

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்ட விமான ஓடுதளம் இன்று விமானப்படைத் தளம். 2020 ஜனவரி முதல் சுகோய்-30 போர் விமானங்களின் 222-வது படைப்பிரிவு இங்கே இருக்கிறது. சுகோய் பறக்கும் வானத்தில் ரிமோட் விமானத்துக்கு இடமில்லை. 2021-ன் ட்ரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கின்றன. சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும், மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதியும் வேண்டும். பச்சையில் 400 அடிவரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடிதான். திருச்சி விமான நிலையத்தை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கும் இது பொருந்தும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் தங்கள் வயல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தையே செலவழிக்க வேண்டும். இன்ஜின், சர்வோ, ரிமோட் எல்லாம் சேர்ந்தால் லட்சத்தைத் தாண்டும் செலவு.

25 கிலோவுக்கு மிகாமல், பொழுதுபோக்குக்காகவோ படிப்புக்காகவோ, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மட்டும் இயக்கப்படும் மாடல்களுக்கு வகைச் சான்று தேவையில்லை என்று அதே விதிகள் சலுகையும் தருகின்றன. பதிவு, பைலட் சான்று ஆகியவற்றுக்கான விதிகளைத் தனியாகப் படித்துக்கொள்வது அவசியம்.

ஆர்வமுள்ள பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் நேராக இந்த விமானத்துக்குத் தாவ வேண்டியதில்லை. என்.சி.சி. விமானப் பிரிவில் ஏரோ மாடலிங் கற்றுத்தருகிறார்கள். கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் இருக்கிறது. அதில் நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. அடுத்து ஃபோம் விமானம். அதன் இறக்கைகள் லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதால், விரலை எடுத்தால் தானாக ஓரளவு நிமிரும். பெட்ரோல் விமானம் அதற்கெல்லாம் பிறகு.

முதல் பறப்பு நாளன்று அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருப்பது வழக்கம். ஒருவர் விமானத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ள, கனத்த கையுறை போட்ட கையால் மற்றவர் புரொப்பல்லரைச் சுண்டிவிடுவார். இன்ஜின் ஓடும்போதே ரிமோட்டோடு தூரமாக நடந்துபோய், சிக்னல் எட்டுகிறதா என்று சோதிப்பார்கள். ஒவ்வொரு மடலும் சரியான பக்கம் திரும்புகிறதா என்று இன்னொரு முறை பார்ப்பார்கள். இடம் வலமாக மாறி இணைத்துவிட்டு ஏற்றிய விமானங்கள் உலகம் முழுக்க நொறுங்கியிருக்கின்றன. பிறகு மேலே ஏற்றி, நான்கைந்து நிமிடம் வட்டமடித்து, எந்த வித்தையும் காட்டாமல் இறக்கிவிடுவார்கள். இறக்கியதும் முதல் வேலை கைதட்டல் அல்ல. முன்மூடியைக் கழற்றிவிட்டு, இன்ஜினைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக மறுபடி திருகிப் பார்ப்பார்கள்.