துப்பாக்கி மெய்யானால் போர் மெய்யாகுமா?

விஞ்ஞானப் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேசுவோரிடையே ஓர் அளவுகோல் ஆழ வேரூன்றியுள்ளது. தொடரில் வரும் படைவீரன் துப்பாக்கியைச் சரியாகப் பிடிக்கின்றானா, கேணலின் சீருடையில் உரிய சின்னம் உரிய இடத்தில் உள்ளதா, வணக்கம் செலுத்தும் முறை ஒழுங்குக்கு அமைந்துள்ளதா என்பனவெல்லாம் ஆராயப்படுகின்றன. இவை சரியாயின் அத்தொடர் ‘இராணுவ யதார்த்தம்’ வாய்ந்தது எனப் புகழப்படுகின்றது. பிழைப்பின் எள்ளி நகையாடப்படுகின்றது. யதார்த்தம் என்ற சொல் இவ்வளவு மலிவான பொருளில் வழங்குவதை இலக்கிய மாணவர் எவரும் வாளாவிருந்து பார்த்தல் தகாது.

யதார்த்தவாதம் பற்றிய சர்ச்சை புதியதன்று. மார்கரெட் ஹார்க்னஸ் என்ற நாவலாசிரியைக்கு 1888இல் எழுதிய கடிதமொன்றில், விவரங்கள் மெய்யாயிருத்தல் மட்டும் போதாது, மாந்தரும் அவர்தம் சூழ்நிலையும் வகைமாதிரியாக அமைதல் வேண்டும் என்ற கருத்தை எங்கெல்ஸ் முன்வைத்தார். இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாட்டை எமது விமர்சகர்கள் விளக்கியதும் இவ்வழியிலேயே ஆகும். கண்ணுக்குத் தெரிவதை ஒன்றுவிடாது பதிவுசெய்வது முன்னையது. கண்ணுக்குப் புலப்படாத சமூக உறவுகளை வெளிக்கொணர்வது பின்னையது. இராணுவத்தைப் பொறுத்தவரை துப்பாக்கி கண்ணுக்குத் தெரிவது. கட்டளையிடுபவனுக்கும் கீழ்ப்படிபவனுக்கும், ஆயுதம் தரித்தவனுக்கும் அதன் முன் நிற்பவனுக்கும் இடையிலான உறவோ எளிதிற் புலப்படாதது. அதைக் காட்டாத படைப்பு எத்துணை நுணுக்கம் வாய்ந்ததாயினும் யதார்த்தப் படைப்பாகாது.

1997 முதல் 2007 வரை பத்துப் பருவங்களாக வெளிவந்த ‘ஸ்ரார்கேற் எஸ்.ஜி. 1’ மேற்கூறிய அளவுகோலின் செல்லப்பிள்ளை எனலாம். ஐக்கிய அமெரிக்க விமானப்படை இத்தொடரின் பிரதிகளைப் பார்வையிட்டுச் சீருடை, பதவிநிலை, நடைமுறை ஆகியன பற்றி ஆலோசனை வழங்கியது. அப்படையின் தலைமைப் பொறுப்பை அடுத்தடுத்து வகித்த ஜெனரல் மைக்கல் றயன், ஜெனரல் ஜோன் ஜம்பர் ஆகிய இருவரும் தத்தம் பெயரிலேயே இத்தொடரில் தோன்றினர். கதாநாயகனாக நடித்த றிச்சட் டீன் அன்டர்சன் 2004இல் கௌரவ பிரிகேடியர் ஜெனரலாக மதிப்பளிக்கப்பட்டார். ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய கதையைத் தானே திருத்திக் கொடுத்து, அதில் நடித்தவருக்குத் தானே பட்டமும் சூட்டுமாயின், அங்கு வெளிப்படுவது அந்நிறுவனம் விரும்பும் தன்னுருவமேயன்றி அதன் யதார்த்தமன்று.

2002இல் வெளியான ‘போர்வீரன்’ என்ற அத்தியாயத்தில் இது தெளிவாகின்றது. அடிமைத்தளையறுக்க எழுந்த வேற்றுக்கிரகப் போராளிகள் முன்னிலையில் கேணல் ஓநீலும் அவரது குழுவினரும் இரு ஆயுதங்களை ஒப்பிடுகின்றனர். எதிரியின் தடியாயுதம் அச்சுறுத்துவதற்கெனச் செய்யப்பட்டது என்றும், தமது கையிலுள்ள பெல்ஜியத் தயாரிப்பான பீ-90 துப்பாக்கியே எதிரியைக் கொல்வதற்கான போர்க்கருவி என்றும் அவர்கள் விளக்குகின்றனர். முன்னையது பயங்கரத்தின் கருவியாம். பின்னையது போரின் கருவியாம். ஐம்பது ரவைகள் கொள்ளும் அத்துப்பாக்கி மெய்யானது. அதன் வேகமும் குறியும் மெய்யானவை. ஆயினும் அப்பாகுபாடு மெய்யானதா? எந்த ஆயுதமும் அதன் பின்னால் நிற்பவனுக்குப் போர்க்கருவியாகவும் முன்னால் நிற்பவனுக்குப் பயங்கரமாகவுமே தோன்றும். கருவியின் விவரம் எவ்வளவு சரியோ, அவ்வளவுக்கு அதன் பின்னுள்ள பார்வை ஒருபக்கச் சார்பானதாக உள்ளது.

ஆயுதத்தை விடுத்து ஒழுக்க விதிகளை நோக்குவோம். பதவிநிலை கடந்த நெருக்க உறவுகளை ஐக்கிய அமெரிக்கப் படைகள் தடைசெய்கின்றன. இவ்விதிக்கு இரண்டு நியாயங்கள் உண்டு. தன் கீழுள்ளவர் எவரையும் பாரபட்சமின்றிச் சாவுக்கு அனுப்பக்கூடிய நிலையில் அதிகாரி இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கட்டளைக்குக் கட்டுப்பட்டவரின் சம்மதம் உண்மையிற் சம்மதம்தானா என்ற ஐயம் மற்றையது. இரண்டாவது நியாயம் வெறுங் கற்பனையன்று. மேரிலாந்து மாநிலத்து அபடீன் தரைப்படைப் பயிற்சி நிலையத்தில், பயிற்சி பெற்ற பெண்களைப் பயிற்சி சார்ஜன்ட்டுகள் பாலியல் வன்முறைக்கு உட்படுத்திய செய்தி 1996இல் வெளியானது. அவ்வழக்குகளில் பதவியின் அதிகாரமே பலாத்காரமாகச் செயற்பட்டதா என்ற வினா முதன்மை பெற்றது. அடுத்த ஆண்டு மே மாதத்தில், பி-52 குண்டுவீச்சு விமானத்தின் முதற் பெண் விமானியாக விளங்கிய லெப்டினன்ட் ஒருவர், தகாத உறவு, பொய்க்கூற்று, கட்டளை மீறல் முதலிய குற்றச்சாட்டுகளின் பேரில் விமானப்படையை விட்டு நீங்க நேர்ந்தது. அதே 1997ஆம் ஆண்டு ஜூலையில், அதே விமானப்படையின் ஒத்துழைப்புடன் ‘ஸ்ரார்கேற்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது.

அத்தொடர் இவ்விதியை எவ்வாறு கையாண்டது? கேணல் ஓநீலும் அவரது ஆணைக்குட்பட்ட மேஜர் கார்ட்டரும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். 2000இல் வந்த ஓர் அத்தியாயத்தில் விசாரணையொன்றின்போது இருவரும் அதனை ஒப்புக்கொள்ள நேர்கின்றது. அவ்வுண்மை அவ்வறையை விட்டு வெளியேறத் தேவையில்லை என முடிவாகின்றது. அதே ஆண்டின் மற்றோர் அத்தியாயத்தில், காலம் ஒரே நாளையே மீண்டும் மீண்டும் சுற்றிவரும் வேளையில், ஓநீல் பதவி விலகற் கடிதத்தைக் கையளித்துவிட்டுக் கார்ட்டரை முத்தமிடுகின்றார்; நாள் மீளத் தொடங்கியதும் கடிதமும் முத்தமும் இல்லாதொழிகின்றன. விதி இங்கு துல்லியமாக அறியப்பட்டுள்ளது. மீறும்போது பதவி துறக்கவேண்டும் என்பதுகூட நினைவிலுள்ளது. ஆனால் அதற்கு எவரும் விலை கொடுப்பதில்லை. அதிகாரத்தின் கொடுமையைத் தடுப்பதற்கெனப் பிறந்த விதி, காதலரைப் பிரிக்கும் வேலியாகச் சுருங்கிவிடுகின்றது. அகத்திணை மரபு அறிந்தோர்க்கு இவ்வேலி புதிதன்று. ஆனால் இற்செறிப்பும் இராணுவச் சட்டமும் ஒன்றல்ல.

விவரங்கள் பிழையாயின் பார்வையாளர் கதையை நம்பார் என இங்கு சிலர் வாதிடக்கூடும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. விவரத்தை எவரும் பகைக்க வேண்டியதில்லை. ‘பபிலோன் 5’ தொடரில் போர்விமானங்கள் வெற்றிடத்தில் நியூட்டனின் விதிக்கமையத் திரும்புவது போற்றத்தக்கதே. ஆயினும் அத்தொடரை நினைவில் நிறுத்துவது அதுவன்று. இராணுவச் சட்டத்தை ஏற்க மறுத்த செவ்வாய்க் கிரகத்துப் பொதுமக்கள் மீது தமது அரசே குண்டு வீசியபோது, அதிகாரிகள் சிலர் கட்டளையை மறுத்துப் பிரிந்தனர் என 1996இல் காட்டியதே அதனை நிலைக்கச் செய்தது. கீழ்ப்படிதலின் எல்லை யாது என்ற வினா அங்கு எழுகின்றது.

2003இல் குறுந்தொடராகத் தொடங்கி 2009இல் நிறைவுற்ற ‘பற்றில்ஸ்ரார் கலக்ரிக்கா’ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. இதனை உருவாக்கிய றொனால்ட் மூர், தமது நோக்கு இயற்பண்புவாத விஞ்ஞானப் புனைவு என்றே அறிவித்தார். கம்பி இணைத்த தொலைபேசிகளும் ரவைத் துப்பாக்கிகளும் இதில் உண்டு. கணினிகளை ஒன்றோடொன்று இணைப்பின் எதிரி ஊடுருவுவான் என்ற பழைய போரின் பட்டறிவே அத்தொலைபேசிகளுக்குக் காரணம். விவரம் இங்கு வரலாற்றைச் சுமக்கின்றது. தடைசெய்யப்பட்ட உறவையும் இது வேறுவிதமாகவே காட்டுகின்றது. லெப்டினன்ட் ஷரனுக்கும் கப்பற்றளத் தொழில்நுட்பத் தலைவன் ரிரோலுக்கும் உள்ள உறவு கப்பலில் எல்லோரும் அறிந்த இரகசியம். குண்டுவெடிப்பு விசாரணையொன்றில் அவ்விருவரையும் காக்கப் பொய் சொல்லும் கடைநிலைப் பணியாளன் சொசினஸ் சிறைப்படுகின்றான். ரிரோல் இன்றி விமானங்கள் பறவா என்பதால் அவனைத் தளபதி விடுவிக்கின்றார். சொசினஸ் சிறையிலேயே கிடக்கின்றான். விதி எல்லோருக்கும் பொது. தண்டனை மட்டும் படிநிலையின் அடித்தட்டில் வந்து தங்குகின்றது. எந்தச் சீருடைச் சின்னத்தினும் இவ்வொரு நிகழ்ச்சியில் இராணுவம் கூடுதலாக வெளிப்படுகின்றது.

2006இல் இத்தொடர் தன் மாந்தரை ஆக்கிரமிப்பின்கீழ் வாழ வைத்தது. இரவில் முகமூடியுடன் வந்து சொந்த மக்களையே கைதுசெய்யும் பொலிசார், தற்கொலைக் குண்டுதாரி, விடுதலைக்குப்பின் ஒத்துழைத்தவரை இரகசியமாகத் தீர்த்துக்கட்டும் குழு ஆகியன வரிசையாக வந்தன. ஈராக்கில் அமெரிக்கப் படைகள் நிலைகொண்டிருந்த காலம் அது. ஆக்கிரமித்தோரின் நாட்டுப் பார்வையாளரை ஆக்கிரமிக்கப்பட்டோரின் இடத்தில் அமர்த்தியது அத்தொடரின் சாதனையே. ஆயினும் ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். ஆக்கிரமிக்கப்பட்டவர் தம் முகத்தையும் தம் மொழியையும் உடையவராயிருந்தபோது மட்டுமே அப்பார்வையாளரின் நெஞ்சு இளகியது. அந்நியனின் துயரை அந்நியனின் துயராகவே உணரச்செய்யும் துணிவு இங்கும் முழுமை பெறவில்லை.

2009 மார்ச் 17ஆம் திகதி நியூயோர்க்கிலுள்ள ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் இத்தொடரை முன்வைத்து ஒரு கலந்துரையாடல் நடைபெற்றது. மனித உரிமை, ஆயுத மோதலிற் சிறுவர் நிலை முதலியன அங்கு பேசப்பட்டன. அதே மார்ச் மாதத்தில் வன்னியில் பெருந்தொகையான பொதுமக்கள் போரிடையே சிக்குண்டிருந்தனர். மே மாதத்தில் அப்போர் முடிவுற்றது. கற்பனைக் கிரகத்து அகதிகளுக்கு அம்மண்டபத்தில் இருக்கை கிடைத்தது என்பதற்காகக் கலையைக் குறைகூறுவது முறையன்று. ஆனால் போரை வீட்டு வாசலிற் கண்ட சமூகம் ஒன்று, இராணுவ யதார்த்தம் என்ற சொல்லைத் துப்பாக்கியின் வகையறிந்து மகிழ்வோரிடம் விட்டுவிடுதல் இயலாது. சோதனைச் சாவடியில் நின்ற எவரும் துப்பாக்கியின் உற்பத்தி நாட்டை நினைத்ததில்லை. அதனை ஏந்தியவனின் கண்ணையே நோக்கினர்.

எனவே அளவுகோல் மாற்றப்படல் வேண்டும். யார் கட்டளையிடுகின்றார், யார் மறுக்க முடிகின்றது, யார் விலை கொடுக்கின்றார், துப்பாக்கியின் முன் நிற்பவருக்குப் பெயரும் குரலும் உண்டா என்ற நான்கு வினாக்களுக்கும் விடை தரும் தொடரே இராணுவ யதார்த்தம் வாய்ந்தது. மற்றையவை ஆயுத விற்பனையாளரின் விளம்பரப் பட்டியலுக்குக் கதை சேர்த்தவை என்பதற்கு மேல் மதிப்புப் பெறா.