சில்லின் ரேகையையும் சோதிக்க வேண்டும்

மனிதரின் விரல்களுக்கு ரேகை இருப்பதுபோல், கணினிச் சில்லுகளுக்கும் ரேகை உண்டு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் உருவாகும் இரண்டு சில்லுகள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. அவற்றின் நுண்ணிய பாகங்களில் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுகள் இருக்கும். அவற்றை இன்னொரு சில்லில் அப்படியே படியெடுப்பது மிகவும் கடினம். 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், இந்த வேறுபாட்டையே சில்லின் அடையாளமாகப் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்காட்டினர்.

இதனை ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிடலாம். சில்லுக்குள் ஒரே மாதிரியான இரண்டு மின்சுற்றுகள் அமைக்கப்படுகின்றன. முதல் சுற்று வேகமாக இயங்கினால் விடை ஒன்று. இரண்டாவது வேகமாக இயங்கினால் விடை சுழியம். இவ்வாறு பல இணைகளை ஓடவிட்டுக் கிடைக்கும் விடைகளின் வரிசையே அச்சில்லின் ரேகை. அதிலிருந்து இரகசியச் சாவி ஒன்று உருவாக்கப்படுகிறது.

ஆனால், மின்னழுத்தம் மாறும்போது சுற்றுகளின் வேகமும் மாறுகிறது. எல்லாச் சுற்றுகளும் ஒரே அளவில் மாறுவதில்லை. ஆகவே, மிகச் சிறிய வேறுபாட்டில் வென்ற சுற்று அடுத்த முறை தோற்றுவிடலாம். பல விடைகள் இவ்வாறு மாறினால் சாவியும் தவறாகிவிடும். அப்போது உரிமையாளருக்கே கதவு திறக்காது. மின்னழுத்தத்தை வேண்டுமென்றே மாற்றிச் சில்லைக் குழப்ப முயலும் திருடர்களும் உள்ளனர்.

எனவே, 1.2 வோல்ட்டில் இயங்கும் சில்லை அந்த ஓர் அளவில் மட்டும் சோதிப்பது போதாது. பத்து விழுக்காடு குறைத்து 1.08 வோல்ட்டிலும், கூட்டி 1.32 வோல்ட்டிலும் சோதிக்க வேண்டும். ஒரே சில்லின் ரேகை எல்லா அளவிலும் ஏறத்தாழ மாறாதிருக்க வேண்டும். வெவ்வேறு சில்லுகளின் ரேகைகளோ பாதியளவு வேறுபட வேண்டும்.

இத்தகைய சோதனைக்கு நேரமும் பணமும் செலவாகும் என்று சிலர் கூறலாம். பிழைகளைத் திருத்தும் முறைகள் இருக்கும்போது இது எதற்கு என்றும் கேட்கலாம். அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. எத்தனை பிழைகள் நேரும் என்று தெரிந்தால்தான் அதற்கேற்ற திருத்தும் முறையை அமைக்க முடியும். அதைத் தெரிவிப்பது சோதனையே. மேலும், வேக வேறுபாடு மிகுந்த இணைகளை மட்டும் தேர்ந்தெடுக்கவும் அது உதவும்.

பினாங்கில் 1970களிலிருந்து சில்லுகளைப் பொருத்துவதும் சோதிப்பதும் பெருந்தொழிலாக வளர்ந்துள்ளது. நாளை அத்துறையில் சேரவிருக்கும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சோதனைக்கூடத்தில் மின்னழுத்தம் சீராக இருக்கும். தேய்ந்த மின்கலத்தில் அப்படி இராது. இரண்டு இடங்களிலும் மாறாத ரேகையே நம்பத்தக்க அடையாளமாகும்.