விளையாட்டு என்றால் விளையாட்டுத்தானா?

அண்மையில் திருகோணமலைக்குப் போயிருந்தேன். ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் உள்துறைமுகம், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் நகரம். மாலையில் காந்தி சிலையருகே காற்று வாங்கிக்கொண்டிருந்தபோது பழைய பத்திரிகை நண்பர் ஒருவரின் மகனும் உடனிருந்தார். கணினித்துறையில் வேலை பார்ப்பவர். தயங்கித் தயங்கி ஒரு விடயம் சொன்னார்.

"ஐயா, இந்த ஊரை வைத்து ஒரு கணினி விளையாட்டுச் செய்ய யோசிக்கிறேன். காலம் 2006. ஒரு மாணவன் ரியூஷன் முடிந்து சைக்கிளில் வீடு போய்ச் சேரவேண்டும். வழியெல்லாம் சோதனைச்சாவடிகள். இருட்டுவதற்குள் போய்விடவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு."

எனக்குச் சுருக்கென்றது. "செத்தவீட்டில் விளையாட்டா, தம்பி?" என்று கேட்டுவிட்டேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டது அந்தக் கடற்கரையில்தான். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று படைத்தரப்பு முதலில் கூறியது. 'சுடர் ஒளி' பத்திரிகையின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அந்தக் கதையைப் பொய்யாக்கின. தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்ததை உலகம் பார்த்தது. ஜனவரி 24ஆம் திகதி காலை, அதே நகரில் வீதியோரத்தில் வைத்து அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. மாணவர் கொலை வழக்கில் சந்தேகநபர்களாக இருந்த பதின்மூன்று பேரையும் 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது.

இப்படிப்பட்ட மண்ணை விளையாட்டுப் பொருளாக்குவதா என்றுதான் கேட்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. இறந்த பிள்ளைகளின் காயங்களைப் படம்பிடித்து அச்சிலேற்றுவது பண்பா என்று சுகிர்தராஜனையும் எவராவது கேட்டிருக்கலாமே? பண்பு கருதி அவர் கமராவை மூடிவைத்திருந்தால் கைக்குண்டுக் கதையே வரலாறாகியிருக்கும். பார்ப்பதற்கு அழகான வடிவத்தில்தான் உண்மை வரவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என் தலைமுறைக்கு 'வீடியோ விளையாட்டு' என்றால் சுட்டுத்தள்ளும் சத்தம்தான் நினைவுக்கு வரும். அது அரைகுறை அறிவு. லூக்காஸ் போப் 2013இல் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்' விளையாட்டில் நீங்கள் ஒரு கற்பனை நாட்டின் எல்லைச் சாவடி அதிகாரி. வருகிறவர்களின் கடவுச்சீட்டைச் சரிபார்த்து அனுமதிக்கவேண்டும் அல்லது திருப்பி அனுப்பவேண்டும். பிழை விட்டால் சம்பளம் வெட்டப்படும், வீட்டில் பிள்ளை பட்டினி கிடக்கும். சாதாரண மனிதன் கொடுமைக்கு எப்படிக் கையாளாகிறான் என்பதை ஒரு தலையங்கத்தால் இவ்வளவு உறைக்கச் சொல்ல முடியாது. சரயேவோ முற்றுகையின் அனுபவங்களிலிருந்து போலந்து நாட்டவர் 2014இல் உருவாக்கிய 'திஸ் வோர் ஒஃப் மைன்' விளையாட்டில் கதாநாயகர்கள் படைவீரர்கள் அல்லர். பசியோடும் குளிரோடும் ஒளிந்திருக்கும் குடிமக்கள். அதை மாணவர் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020இல் அறிவித்தது.

நம்மவர்களும் இத்துறைக்கு வந்துவிட்டார்கள். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லும் 'வெண்பா' ரொறன்ரோவில் உருவானது. 2023இல் வெளியாகி, மறுவருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதைப் பெற்றது.

நூலுக்கும் திரைப்படத்துக்கும் உள்ள பேச்சுச் சுதந்திரம் வீடியோ விளையாட்டுக்கும் உண்டு என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டில், கைத்தொலைபேசி உற்பத்திக்குப் பின்னாலுள்ள சிறுவர் உழைப்பையும் தொழிலாளர் துயரத்தையும் சொன்ன 'போன் ஸ்டோரி' என்ற விளையாட்டை அப்பிள் நிறுவனம் தன் கடையிலிருந்து அகற்றியது. சட்டம் திறந்துவிட்ட கதவைச் சந்தை சாத்திவிட்டது.

இலங்கையில் சட்டமே கதவைச் சாத்தும். மன்னாரைச் சேர்ந்த இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளைக் கொண்ட நூல் தீவிரவாத நூலாகிவிட்டது! பிணை கிடைக்க ஒன்றரை ஆண்டுக்கு மேலாயிற்று. 2023 டிசம்பரில்தான் விடுதலை செய்யப்பட்டார்.

இதற்கெல்லாம் நாம் குரல் கொடுத்தோம். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் 2018இல் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவில் ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' படத்துக்கு நடந்தது என்ன? இயக்கங்களுக்கிடையே நடந்த கொலைகளைத் தமிழர் வாயாலேயே பேசிய படம் அது. எதிர்ப்பு எழுந்ததும் திரையிடல் கைவிடப்பட்டது. அப்படத்தோடு எனக்கும் கருத்து வேறுபாடு உண்டு. பார்த்துவிட்டு மறுப்பது வேறு, பார்க்கவே விடாமல் தடுப்பது வேறு. அன்று தடுத்தது கொழும்பு அல்ல, நாமே.

மற்றவர்களைச் சொல்வானேன்? நான் ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் இளம் ஓவியர் ஒருவர் கேலிச்சித்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். நம்மவர்களையே இடித்துரைத்த சித்திரம். "இப்போது காலம் சரியில்லை, பிறகு பார்ப்போம்" என்று மேசை இழாச்சிக்குள் வைத்தேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அந்த ஓவியரும் பிறகு வரவில்லை. எனக்கு அன்று எந்த அதிகாரியும் கட்டளையிடவில்லை.

நிபந்தனையே இல்லாத சுதந்திரம் கேட்கிறேனா என்று நீங்கள் கேட்கலாம். படைப்பாளிக்குப் பொறுப்பு உண்டு. மரணத்துக்குப் புள்ளி வழங்கும் விளையாட்டு எனக்கு உவப்பானதல்ல. உயிரோடிருக்கும் பெற்றோரின் துயரத்தை அவர்களைக் கேளாமலே கடைச்சரக்காக்குவதும் முறையல்ல. ஆனால் இவை படைப்பாளியோடு வாதாடவேண்டிய விடயங்கள். படைப்பதற்கு முன்பே வாயை அடைப்பதற்கான காரணங்கள் அல்ல.

மறுநாள் காலை அந்தத் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நேற்று நான் சொன்னதை மறந்துவிடும். செய்யும். ஆனால் அந்தக் காலத்தில் அந்த வீதிகளில் சைக்கிள் ஓடியவர்களிடம் முதலில் பேசும். சோதனைச்சாவடியில் நின்றவனையும் மனிதனாகவே காட்டும். அப்போதுதான் விளையாடுகிறவனுக்குப் பயம் புரியும்."

சற்று நேரம் மௌனம். பிறகு கேட்டார்:

"ஐயா, நீங்களும் அப்போது சைக்கிளில்தானே போனீர்கள்? உங்களிடமிருந்தே தொடங்கலாமா?"

ஒப்புக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் வருகிறார்.